ஜப்தி செய்ய முடியாதவை

போடிநாயக்கனூர் பஜாரில் இருபத்தாறு வருடம் ஏலக்காய்க் கடை வைத்திருந்த ஜேசுராஜ், தன் சொத்துகளைக் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பதற்காக வக்கீல் பாண்டீஸ்வரனின் அறையில் போய் உட்கார்ந்தபோது, ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். மிச்சச் சரக்கு, மின்தராசு, காயைச் சலிக்கும் மெஷின், அப்பா காலத்து மர மேஜை, சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் முடிந்த பிறகு பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். 2003-இல் எடுத்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசி அது.

"இது எதுக்கு அண்ணாச்சி?" என்றார் வக்கீல்.

"எம்பேர்ல இருக்கிறதுதானே. எழுதுங்க."

வக்கீல் அதை அந்தத் தாளில் எழுதவில்லை. வேறொரு தாளை எடுத்தார். அதில் 'ஜப்தி செய்ய முடியாதவை' என்று தலைப்பிட்டு ஏற்கெனவே சிலவற்றை எழுதி வைத்திருந்தார். உடுத்தும் துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, மனைவி கழுத்தில் கிடக்கும் தாலி. அவற்றுக்குக் கீழே பாலிசி எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதினார். ஒருவன் தன் உயிரின் மேல் எடுத்த பாலிசியிலிருந்து வர வேண்டிய பணத்தைக் கடன் கொடுத்தவர்கள் கோர்ட் மூலம் எடுத்துக்கொள்ள முடியாது என்றார். ஆள் திவாலானாலும், அவன் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கக் கோர்ட் நியமிக்கும் ரிசீவர் அதில் கை வைக்க முடியாது. சமையல் சட்டியை எடுக்க முடியாதது போல, கழுத்துத் தாலியை அறுக்க முடியாதது போல, இதையும் எடுக்க முடியாது.

"சட்டமே ஒங்க வீட்டம்மாவுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கு. பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோங்க."

ஜேசுராஜ் பத்திரத்தை உறைக்குள் போட்டுக்கொண்டார். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் கடன் கொடுத்தவர்களின் பெயர்கள் எழுதிய தாள் பக்கத்திலேயே கிடந்தது. வங்கியில் தொடங்கி, மலையிலிருந்து சரக்கு அனுப்பிய தோட்டக்காரர்கள், சாக்குக் கடை, லாரி ஆபீஸ் என்று இறங்கி வந்து, கடைசி வரியில் அக்கம்மாளின் பெயர் இருந்தது. அந்த வரியையும் இந்த உறையையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். 2022 நவம்பரில் தொடங்கிய அந்தப் பார்வை பிறகு அவரை விட்டுப் போகவில்லை.

அவர் கெட்டுப்போனது சூதாலோ குடியாலோ அல்ல. பஜாரில் சிலர் சீட்டாட்டம் என்றார்கள், அது தவறு. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் விலை கிலோ ஏழாயிரத்தைத் தொட்டது. போடியில் பாதிப்பேர் அதைப் பார்த்துத் தலை கிறுகிறுத்துப் போனார்கள். ஜேசுராஜும் வங்கியில் ஓவர்டிராப்ட் கடன் வாங்கி, மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் சரக்கு எடுத்து அடுக்கினார். பிறகு ஊரடங்கு வந்தது. வடநாட்டு வியாபாரிகள் போனை எடுக்கவில்லை. 2022 தொடக்கத்தில் விலை ஆயிரத்துக்கும் கீழே போனபோது, அவருடைய சரக்கு நிறம் மங்கி, அந்த விலைக்கும் கேட்பாரின்றிக் கிடந்தது. அந்த ஜூனில் கடையை மூடினார்.

மூடுவதற்கு முன்பு ஒரு காரியம் செய்தார். காயை ரகம் பிரிக்கவும் காம்பு கிள்ளவும் வரும் பெண்கள், சனிக்கிழமைக் கூலியில் நூறோ இருநூறோ முதலாளியிடமே பிடித்து வைக்கச் சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். கடையை மூடுகிற எந்த வியாபாரியும் ஷட்டரை இறக்குவதற்கு முன் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுவான். வங்கிக்கு நாமம் போட்டாலும் அதற்குப் போடமாட்டான். ஜேசுராஜும் ஸ்கூட்டரை விற்று, மனைவி ஜெபராணியின் இரட்டை வடச் சங்கிலியை விற்று, எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தார். அக்கம்மாளுக்கு மட்டும் கொடுக்க முடியவில்லை. அவள் பணம் மற்றவர்களுடையதைப் போலச் சில ஆயிரங்கள் அல்ல.

அக்கம்மாள் முதலில் கேரளத்துத் தோட்டங்களுக்கு ஜீப்பில் காய் எடுக்கப் போனவள். முழங்கால் வலி வந்த பிறகு மலையேற முடியாமல் ஜேசுராஜின் கடையில் ரகம் பிரிக்க வந்தாள். கையில் எடுத்தாலே காயின் தரம் சொல்வாள். புருஷன் இல்லை, மகள் கட்டிப்போன இடம் தூரம். வீரபாண்டித் திருவிழாவுக்கு மற்றவர்கள் பணம் வாங்கும்போது இவள் வாங்கமாட்டாள். "கெடக்கட்டும் மொதலாளி" என்பாள். இடையில் பெற்றவர்கள் வழியில் வந்த ஒரு துண்டு நிலத்தை விற்றபோது அதையும் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வீடு ஒத்திக்குப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது தொகையும் திரும்பி வரும். சேர்ந்தது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். அந்தப் பணத்தில்தான் ஜேசுராஜ் கிலோ நாலாயிரம் ரூபாய்ச் சரக்கில் கொஞ்சம் வாங்கினார். அவளிடம் கேட்கவில்லை.

இப்படித் திவால் மனுப் போடுவதை ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்பார்கள். கோர்ட்டிலிருந்து கடன்காரர்களுக்குப் போன நோட்டீஸ் வெள்ளைத் தாளில்தான் இருந்தது. அக்கம்மாளுக்கும் ஒன்று போனது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், கரண்ட் ஆபீஸ் சீட்டு என்று எந்தத் தாள் வந்தாலும் ஜேசுராஜிடம் கொண்டுவந்து காட்டித்தான் விஷயம் தெரிந்துகொள்வாள். இதையும் அப்படியே, கவரைக்கூடக் கிழிக்காமல், அவர் வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கோர்ட்டுல இருந்து என்னமோ வந்திருக்கு மொதலாளி. என்னான்னு பாத்துச் சொல்லுங்க."

ஜேசுராஜ் கண்ணாடியை எடுத்து மாட்டினார். உள்ளறையில் ஜெபராணி கூலிக்குச் சேலை ஓரம் அடித்துக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றது. அவர் ஒரு வரியையும் தாண்டாமல் படித்தார். தன் பெயரையும், தகப்பன் பெயரையும், கடன் தீர்க்கச் சக்தியற்றவர் என்று தன்னை அறிவிக்கக் கோரியிருப்பதையும், ஆட்சேபணை இருந்தால் இன்ன தேதியில் ஆஜராக வேண்டும் என்பதையும் அவளுக்குப் புரிகிற தமிழில் திருப்பிச் சொன்னார்.

அவள் கேட்டாள்: "அப்ப எங்காசு?"

ரிசீவர் எல்லாவற்றையும் விற்று, பாக்கி உள்ளவர்களுக்கெல்லாம் பங்கு வைப்பார் என்று சொன்னார். உனக்கும் வரும் என்றார்.

"எம்புட்டு வரும்?"

"ரூபாய்க்குப் பத்துப் பைசா வரலாம்."

"பத்துப் பைசாவ இப்ப எவன் மொதலாளி வாங்குறான்" என்றாள். சிரிப்பது போலத்தான் இருந்தது. பிறகு தாளை அவர் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்தாள். "பேங்குல போட்டிருக்கலாம்னு கூட வேல பாத்த நாகஜோதி அப்பவே சொன்னா. அங்கன போனா பாரம் நெரப்பச் சொல்லுவாக, கைநாட்டு ஒத்துவரலேம்பாக. நீங்கன்னா மூஞ்சியப் பாத்துக் கேட்டுக்கலாமேன்னு இருந்துட்டேன்."

2024 தை மாதம் முடிய ஒரு வருடத்துக்குமேல் இருந்தது. அதற்குள் ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். குடியிருக்கும் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அந்தத் தையோடு வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். அவளுக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு லட்சத்துக்கு ஒத்தி வீடு தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். தைக்குள் கொடுத்தால் வீடு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு.

ஜேசுராஜ் தலையை ஆட்டினார். நோட்டீஸில் கடன் விவரம் இருந்தது. ஜப்தி செய்ய முடியாதவை எழுதிய தாள் அதோடு இல்லை. பாலிசி என்று ஒன்று இருப்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை. உள்ளே மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அதன் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறுகளில் சபையில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு, மறைத்ததை மனதில் வைத்துக்கொண்டு அவர் எழுந்து போகவில்லை. சபையார் வரிசையாக முன்னே போக, ஜெபராணியும் போய்விட்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். அவர் பெஞ்சிலேயே இருப்பார். சபைப் போதகரான ஐயர் ஒருமுறை உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவைத்தார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் அந்தப் பாலிசியை எடுத்தார். தனக்குப் பிறகு ஜெபராணி யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக் கூடாது என்று, கடை நன்றாக நடந்த காலத்தில், பெரிய தொகைக்கே எடுத்தார். 2020-க்குப் பிறகு அவர் தவணை கட்டவில்லை. செத்த பாலிசியாகி ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்தப் பத்திரம் அவரைத் தொந்தரவு செய்தது. கடை மூடிய புதிதில், தான் இருப்பதைவிட இல்லாமல் போனால் வீட்டுக்குப் பிரயோஜனம் என்று சில நாட்கள் நினைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. பத்திரம் அலமாரியில் இருக்கிறவரை அந்த நினைப்பும் அதே தட்டில் இருப்பதாக அவருக்குப் பட்டது. திறந்து பார்ப்பார், மூடுவார்.

2023 அக்டோபரில் கோர்ட் அவரைத் திவாலானவர் என்று அறிவித்தது. ரிசீவர் வந்து தராசையும் சலிக்கும் மெஷினையும் மேஜையையும் எடுத்துக்கொண்டு போனார். கடிகாரத்தையும் எடுத்தார். ஜேசுராஜ் வேறொரு வியாபாரியின் கடையில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். மார்கழியில் அக்கம்மாள் ஒருநாள் வழியில் பார்த்து, ஒத்தி வீட்டுக்காரர் அவசரப்படுத்துவதாகச் சொன்னாள். சண்டை போடவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

மறுநாள் வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஜெபராணியிடம் தேனிக்கு எடைக்கல்லுக்கு அரசு முத்திரை வைக்கும் விஷயமாகப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, பாலிசியை எடுத்துக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே அவருடைய பாலிசியைக் கவனித்துக்கொண்டிருந்த ஏஜென்ட் அஜய்குமார் இருந்தான். பாலிசியை முறித்துப் பணமாக வாங்க வேண்டும் என்றதும் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான். இத்தனை வருடம் இருந்துவிட்டு இப்போது முறித்தால் நஷ்டம், இன்னும் நாலு வருடத்தில் முழுத்தொகையும் போனஸும் வரும் என்றான். அவசரம் என்றால் பாலிசியின் பேரிலேயே கடன் வாங்கலாம், பாலிசியும் உயிரோடு இருக்கும் என்றான்.

கடன் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஜேசுராஜ் கையை உயர்த்தித் தடுத்தார். கோர்ட் விடுவிக்கும்வரை, திவாலானவன் என்பதைச் சொல்லாமல் ஐம்பது ரூபாய்கூட எவரிடமும் கடன் வாங்கக் கூடாது, அது குற்றம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அது வேறு, தன் பாலிசியில் தானே எடுப்பது வேறு என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளும் பொறுமை அவருக்கு இல்லை. இனி தன் பெயருக்கு எதிரே கடன் என்று எந்த எழுத்தும் வரக் கூடாது, அவ்வளவுதான்.

கவுண்டரில் இருந்த பெண் கணினியில் பார்த்துவிட்டு, பாக்கித் தவணை ஏதும் இல்லை என்றாள். முறித்தால் வரும் தொகை இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்குக் கிட்டே இருந்தது. பாதிகூடத் தேறாது என்று நினைத்துப் போனவருக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று வருடமாக நான் கட்டவே இல்லையே என்றார்.

அஜய்குமார் தயங்கினான். "ஒங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? ஒங்க வீட்டு அக்காதான் கட்டுறாக. சேலை தைக்கிற காச மாசாமாசம் எங்கிட்டக் குடுத்து வைப்பாக. தவணை வரும்போது நான் கட்டி ரசீதக் குடுத்துருவேன். ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னாக."

அந்தப் பெண் பாலிசியை முறிப்பதற்கான படிவத்தை நீட்டினாள்; ஜேசுராஜ் வாங்கிக்கொண்டார். வீட்டில் மெஷின் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் ஓடுவதை அவர் கேட்டிருக்கிறார். கண் கெட்டுப்போகும், விளக்கை அணை என்று அதட்டியும் இருக்கிறார். அந்தச் சேலைகள்தான் இப்போது அக்கம்மாளின் தொகைக்குச் சரியாக வந்து நிற்கின்றன. ஜெபராணி கட்டாமல் விட்டிருந்தால் இந்தப் பணம் போதாது. போதாது என்று எழுந்து வந்திருப்பார். போதும் என்பதால்தான் எழுந்து வர முடியவில்லை.

சட்டம் அவருக்கு விட்டுக்கொடுத்ததை அவர் அக்கம்மாளுக்குக் கொடுக்கிறார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அது உண்மை அல்ல என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

பணம் போக வேண்டிய வங்கிக் கணக்கு எண் கேட்டார்கள். அவர் வீட்டுச் சேமிப்புக் கணக்கின் எண்ணைக் கொடுத்தார். அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒரு பழக்கம். கடைப்பெட்டி வேறு, வீட்டுப்பெட்டி வேறு. கடைப்பெட்டியில் காசு இல்லாத நாளில் வீட்டுப்பெட்டியைத் திறக்கமாட்டார்கள். வீட்டில் அரிசி இல்லாத நாளில் கடைப்பெட்டியைத் தொடமாட்டார்கள். அப்பா இரண்டு சாவியையும் இரண்டு கயிற்றில் தனித்தனியாகக் கட்டியிருப்பார். வங்கியிலும் அப்படித்தான் என்று ஜேசுராஜ் நினைத்திருந்தார். ஓவர்டிராப்ட் கடைக் கணக்கில் வாங்கியது. இது வீட்டுக் கணக்கு. பேப்பர் பில்லும் கேஸ் மானியமும் போய்வருகிற கணக்கு. வங்கி மட்டும் ஒன்றுதான்.

பத்தாம் நாள் பணம் வரவானதாகக் குறுஞ்செய்தி வந்தது. மறுநாள் காலையில் பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். அக்கம்மாளை மாலையில் வீட்டுக்கு வரச் சொல்லி முன்கூட்டியே ஆள் அனுப்பியிருந்தார். கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் இருந்தது. வந்த தொகை வந்த அன்றே ஓவர்டிராப்ட் பாக்கிக்கு வரவு வைக்கப்பட்டிருந்தது. மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். ஒரே ஆளின் கணக்குகள் எல்லாம் வங்கிக்கு ஒன்றுதான், கணினியே எடுத்துக்கொள்ளும் என்றார். கடைக் கணக்கு, வீட்டுக் கணக்கு என்று ஜேசுராஜ் சொல்லிப் பார்த்தார். அவர் சொல்வது மேலாளருக்கு என்னவென்றே விளங்கவில்லை.

அங்கிருந்து நேராக வக்கீலிடம் போனார். பாண்டீஸ்வரன் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாலிசியா இருந்த வரைக்கும் ஒருத்தன் தொட முடியாது அண்ணாச்சி. நீங்களே அதைக் காசாக்கிக் கொண்டுபோயி அவுக வாயில வச்சிருக்கீக."

வழக்குப் போடலாமா என்று கேட்டார். போடலாம், திவால் அறிவிப்புக்குப் பிறகு வங்கி இப்படி எடுத்தது சரியா என்று வாதாடலாம், வருடக்கணக்கில் இழுக்கும் என்றார் வக்கீல். அப்படியே ஜெயித்தாலும், இனி அது பாலிசி அல்ல, வெறும் பணம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அது எடுபட்டால் பணம் ரிசீவர் கைக்குப் போய், எல்லோருக்கும் பங்காகும். அக்கம்மாளுக்கு அதிலும் பைசாக் கணக்குத்தான்.

வீட்டுக்கு வந்தபோது ஜெபராணி ஒரு பட்டுச் சேலைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணச் சேலை, மாலைக்குள் கொடுக்க வேண்டியது. ஜேசுராஜ் சுவரோரம் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எடைக்கல் முத்திரை என்று பொய் சொன்னதிலிருந்து தொடங்கி வக்கீல் சொன்னதுவரை எதையும் விடவில்லை. அவள் ஊசியை நிறுத்தவில்லை. மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான்தான் கட்டுறேன்னு தெரிஞ்ச பெறகு கையெழுத்துப் போட்டீகளா, தெரியுறதுக்கு முன்னாடியா?"

முன்னாடி என்று சொல்லலாம். அஜய்குமாரைத் தவிர அது வேறு யாருக்கும் தெரியாது. அவனும் சொல்லமாட்டான்.

"தெரிஞ்ச பெறகுதான்" என்றார்.

ஜெபராணி சேலையை மடியிலிருந்து எடுத்து மெஷின் மேல் வைத்தாள். நூல் அறுந்துவிடாமல் மெதுவாகத்தான் வைத்தாள். "அந்த அலமாரிய நீங்க தொறந்து தொறந்து மூடுனது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா? தவணை கட்டாம விட்டா, உள்ளதும் போச்சேன்னு கிறுக்குப் பிடிச்சுப் போவீக. கட்டிட்டேன்னு சொன்னா, வேற கிறுக்குப் பிடிக்கும். அதனாலதான் கட்டுனேன், அதனாலதான் சொல்லல."

ஜேசுராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த அம்மாவுக்குக் குடுக்கணும்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். குடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். அக்கம்மாகிட்டக் கேக்காம அவுக காசுல சரக்கு எடுத்தீக. எங்கிட்டக் கேக்காம எங்காச அக்கம்மாளுக்குக் குடுக்கப் போனீக. கேக்குற பழக்கமே ஒங்களுக்குக் கெடையாது." சேலையை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே ஒங்களுக்குச் சாகுறதுக்கும் வழியில்ல. செத்தா அஞ்சு பைசா வராது. அதனால நல்லா சாப்புட்டு, நடையா நடந்து, சம்பாரிச்சு அந்த அம்மாவுக்குக் குடுங்க."

மாலையில் அக்கம்மாள் வந்தாள். பணம் கிடைக்கப்போகிறது என்று நினைத்து, தலை வாரிப் பூ வைத்திருந்தாள். ஒத்தி வீட்டுக்காரரிடம் நாளைக்குத் தருவதாகச் சொல்லிவிட்டே வந்திருந்தாள். ஜெபராணி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். ஜேசுராஜ் இரண்டாம் முறையாகச் சொன்னார். இந்த முறை பாலிசி என்று ஒன்று இருந்ததையும், அவள் நோட்டீஸோடு வந்த அன்று அதைச் சொல்லாமல் மறைத்ததையும் சேர்த்துச் சொன்னார்.

அக்கம்மாள் காப்பியைக் குடித்து முடித்தாள். டம்ளரை ஜெபராணியிடம் நீட்டினாள். "நீ என்னத்தா பண்ணுவ" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவரைப் பார்க்காமல் கிளம்பினாள்.

தையில் ஒத்தி வீடு வேறு ஆளுக்குப் போனது. அக்கம்மாள் பழைய வாடகையைப் போல ஒன்றரை மடங்குக்கு ஒரு ஒற்றை அறை பிடித்தாள். வேறு கடையில் ரகம் பிரிக்கிற கூலி அதற்குப் போதவில்லை. மாசியில் ஒருநாள் விடிகாலை, வேலை பார்க்கும் கடையைத் திறக்கப் போன ஜேசுராஜ் ஜீப் நிற்கும் இடத்தில் அவளைப் பார்த்தார். இரண்டு பெண்கள் மேலேயிருந்து கையைப் பிடித்து இழுக்க, ஒருத்தி கீழேயிருந்து தள்ள, அவள் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தாள். ஜீப் முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறி, கேரள எல்லை தாண்டிப் போகும். அந்த வளைவுகளில் அவள் முழங்கால்கள் என்ன பாடுபடும் என்பதை அவர் நினைத்துப் பார்த்தார். நினைத்துப் பார்ப்பதால் அவளுக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதையும் சேர்த்தே நினைத்தார்.

அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை தன் கூலியில் பாதியை எடுத்துக்கொண்டு ஜீப் திரும்பி வரும் இடத்தில் நிற்கத் தொடங்கினார். அஜய்குமாரிடம் மாதாமாதம் கொடுத்து வந்த பணத்தை ஜெபராணியும் அதில் சேர்த்தாள். முதல் தடவை சேர்க்கும் முன் அவர் அவளிடம், சேர்க்கட்டுமா என்று கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

அக்கம்மாள் மறுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொள்வாள். கூட வரும் பெண்கள் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருத்தி மட்டும், "மொதலாளி இப்ப கூலி குடுக்க மலைக்கே வந்துருவாரு போல" என்று உரக்கச் சொல்வாள். ஒருமுறை அவர், வேண்டுமானால் மாதம் ஒருமுறை மொத்தமாகத் தரட்டுமா என்று கேட்டதற்கு அக்கம்மாள், "வேணாம். பிடிச்சு வச்சதெல்லாம் போதும்" என்றாள்.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை ஜீப் தாமதமாக வந்தது. மற்றப் பெண்கள் நனைந்துகொண்டே குதித்து இறங்கி ஓடிவிட்டார்கள். அக்கம்மாள் கடைசியாக வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே விட்டாள்; தரை எட்டவில்லை. டிரைவர் ஆரனை அடித்தான். சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் ஜேசுராஜ் மட்டும்தான் நின்றார். அவர் தோளில் கையை ஊன்றி, முழுப் பாரத்தையும் போட்டு இறங்கி, கால் தரையில் பட்டவுடன் கையை எடுத்துக்கொண்டாள்.

அவர் பணத்தை நீட்டினார். அவள் மழையில் நனையாமல் சேலைக்குள் வைத்து எண்ணினாள்.

"அக்கம்மா, இனிமே என்னைய மொதலாளின்னு கூப்புடாத. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார். பல வாரமாகச் சொல்ல நினைத்தது அது.

அவள் எண்ணி முடித்து முடிச்சுப் போட்டாள்.

"எங்காசு ஒங்ககிட்ட இருக்கிற வரைக்கும் நீங்கதான் மொதலாளி" என்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மழையிலேயே நடந்து போனாள். அவள் சந்து திரும்பும்வரை ஜேசுராஜ் அங்கேயே நின்றார். பிறகு வீட்டுக்குப் போனார். கண்ணுக்கு நல்லதல்ல என்று தெரிந்தும், ஜெபராணியிடம் விளக்கை அணைக்கச் சொல்லாமல், அவள் தைத்து முடித்த சேலைகளை எடுத்து மடித்து வைக்க உட்கார்ந்தார்.